தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள்: ட்ரெய்லரைக் குளிர்காலத்துக்குப் பூட்டி வைப்பது

ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை கனடாவில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை. எங்கள் வீட்டில் அந்த வார இறுதிதான் வருடத்தின் கடைசி முகாம். ஞாயிறு இரவு ஒன்ராறியோ மாகாணத்துச் சாண்ட்பாங்ஸ் பூங்காவில் நெருப்பு மூட்டி, மிச்சமிருக்கும் கோழிக்கறியைப் பாணோடு சாப்பிட்டு முடிப்போம். திங்கள் விடிந்தால் ட்ரெய்லரை மூடுகிற வேலை தொடங்கிவிடும். அதை முழுதாக முடிக்க எனக்கு அடுத்த சனிக்கிழமை வரை ஆகும். அவசரப்பட்டு ஒரே நாளில் செய்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. காரணம் இருக்கிறது.

எங்களுடையது வாகனத்தின் பின்னால் இழுத்துப்போகிற, கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் உள்ள 24 அடி ட்ரெய்லர். 2016இல் பழையதாக வாங்கினோம். முதல் குளிர்காலத்துக்கு நான் ஒன்றிலும் கை வைக்கவில்லை. காசு கொடுத்து ஓர் இடத்தில் இந்த வேலையைச் செய்ய விட்டேன். மே மாதம் பூங்காவில் தண்ணீரை இணைத்துவிட்டு உள்ளே போனால், கட்டிலுக்குக் கீழே இருந்து சிறு சத்தம். வெளிப்பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவுக்குள் கால் கழுவ ஒரு ஷவர் இருக்கிறதல்லவா, அதன் வால்வு உறைந்து வெடித்திருந்தது. அந்தக் கதவை யாரும் திறந்து பார்க்கவில்லை. சுவருக்குள் கசிந்த தண்ணீரில் தரைப்பலகை ஊதிவிட்டது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. தன் கட்டிலின் கீழ் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வெயிலில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்த வேலையை நானே செய்வது என்று.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். திறந்த தாங்கியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மேலே இடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடைத்த ஒரு வால்வுக்குள் இரண்டு கரண்டி தண்ணீர் இருந்தாலே போதும், பிளந்துவிடும். ஆகவே இந்த வேலை முழுக்க முழுக்க ஒரு தேடல்தான். உங்கள் ட்ரெய்லரில் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கெல்லாம் போகிறது, எந்த மூலையில் தங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதை விடப் பயன்பட்ட கருவி வேறில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சானும் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறான். அவர்கள் கரவன் என்பார்கள். அவன் தண்ணீரை வடித்து, எல்லாப் பைப்பையும் திறந்துவிட்டு, மெத்தைகளைச் சுவரில் படாமல் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்துவிடுவான். அங்கே குளிரை விட ஈரம்தான் பெரிய எதிரி. ஒன்ராறியோவில் ஜனவரி இரவு மைனஸ் 20க்கும் கீழே போகும். வடிப்பது மட்டும் இங்கே போதாது.

சரி, முதல் வேலை பூங்காவிலேயே. வெளியேறும் வழியில் கழிவு கொட்டும் இடம் இருக்கும். கழிப்பறைத் தாங்கியை முதலில் திறக்க வேண்டும், குசினித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேரும் தாங்கியை இரண்டாவதாக. அப்போதுதான் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கழிப்பறைத் தாங்கியைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று தரம் நிரப்பிக் கொட்டுங்கள். ஆறு மாதம் அப்படியே காயப்போகிற தாங்கி அது. வரிசையில் பின்னால் நிற்பவர் பொறுத்துக்கொள்வார், அவருக்கும் அதே வேலைதான்.

வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர்த் தாங்கி. காஸ், மின்சாரம் இரண்டையும் நிறுத்தி, ஓர் இரவு ஆறவிடுகிறேன். சூடாக இருக்கும்போது அடைப்பைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் பாயும், இதில் துணிச்சல் வேண்டாம். காலையில் உள்ளே ஒரு சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, வெளியே தாங்கியின் அடைப்பைக் கழற்றுகிறேன். எங்களுடையது சபர்பன் கம்பனித் தாங்கி. உள்ளே இரும்புத் தாங்கி என்பதால் அடைப்போடு சேர்ந்து ஓர் உலோகக் கம்பி வரும். தாங்கி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே அரித்துக் கொடுக்கிற கம்பி அது. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது வாங்குங்கள். அற்வுட் தாங்கிகள் அலுமினியம். அவற்றில் இந்தக் கம்பி கிடையாது, வெறும் பிளாஸ்டிக் அடைப்புத்தான். தாங்கியின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் துகள் படிந்திருக்கும், தோட்டக் குழாயை உள்ளே விட்டுக் கழுவிவிடலாம்.

தாங்கி காலியானதும் அதன் சுவிட்சுக்கு மேலே ஒரு ரேப் ஒட்டி, ‘தாங்கியில் தண்ணீர் இல்லை’ என்று எழுதிவிடுங்கள். வசந்தத்தில் யாராவது மறந்து மின்சாரத்தைப் போட்டால், தண்ணீர் இல்லாத தாங்கிக்குள் சூடாக்கும் கம்பி நிமிடங்களில் கருகிவிடும்.

அப்புறம் நல்ல தண்ணீர்த் தாங்கி. அதன் வடிகால் ட்ரெய்லருக்கு அடியில் இருக்கும். பக்கத்தில் இன்னும் இரண்டு குழாய் முனைகள் தரையை நோக்கித் தொங்கும், ஒன்று சுடுதண்ணீருக்கு, ஒன்று குளிர்தண்ணீருக்கு. குழாய்களிலேயே மிகத் தாழ்ந்த இடம் அதுதான். இரண்டையும் திறந்து, உள்ளே எல்லாப் பைப்பையும் திறந்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். தண்ணீர் வடிகட்டி பூட்டியிருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள், வரும் வருடம் எப்படியும் புதிது வேண்டும்.

இனிச் சுடுதண்ணீர்த் தாங்கியைச் சுற்றிப் போகும்படி வால்வுகளைத் திருப்ப வேண்டும். தாங்கியின் பின்பக்கம், பெரும்பாலும் ஒரு பலகைக்குப் பின்னால், இரண்டு அல்லது மூன்று சிறு வால்வுகள் இருக்கும். நான் முதல் தரம் செய்தபோது இதைத் தேட அரை மணி நேரம் ஆனது. தாங்கிக்குள் போகும் வழியை அடைத்து, குளிர் குழாயிலிருந்து சுடு குழாய்க்குக் குறுக்கு வழியைத் திறக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிறகு ஊற்றுகிற அன்ரிஃபிரீஸ், அதாவது குழாய்களை உறைந்து வெடிக்காமல் காக்கும் திரவம், இருபது லீற்றருக்கு மேல் அந்தத் தாங்கிக்குள்ளேயே போய் நிற்கும்.

காற்று அடிப்பதா, அன்ரிஃபிரீஸ் ஊற்றுவதா என்று கேட்பவர்கள் அதிகம். இரண்டும் செய்யுங்கள் என்பேன். காற்று மட்டும் அடித்தால் வளைவுகளிலும் பம்ப் தலையிலும் துளி தங்கிவிடும். அன்ரிஃபிரீஸ் மட்டும் ஊற்றினால் ஏற்கெனவே கிடக்கும் தண்ணீரோடு கலந்து அதன் பலம் குறைந்துவிடும்.

காற்றுக்கு, வெளியே தண்ணீர் இணைக்கும் வாயில் திருகுகிற ஒரு சின்ன இணைப்பு கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. தாழ்ந்த குழாய் முனைகளை மூடி, கொம்பிரெசரின் காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் வையுங்கள். நான் 35இல் வைக்கிறேன். கூடினால் பிளாஸ்டிக் இணைப்புகள் பிரியும். உடைக்கக்கூடாது என்பதற்காகச் செய்கிற வேலையில் நாமே உடைத்துவிடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பைப். மகள் உள்ளே, நான் வெளியே. அவள் "காத்து மட்டும்தான் வருது அப்பா" என்று கத்தினால் அடுத்தது. குசினி சூடு, குசினி குளிர், கைகழுவும் தொட்டி, ஷவர், கழிப்பறை மிதி, கடைசியில் அந்த வெளி ஷவர். கழிப்பறைத் தாங்கியை உள்ளிருந்து கழுவ ஒரு தனி வாய் உங்கள் ட்ரெய்லரில் இருந்தால், அதற்கும் தனியாகக் காற்று அடிக்க வேண்டும். அது மற்றக் குழாய்களோடு சேராது.

இப்போது அன்ரிஃபிரீஸ். கனேடியன் ரயர் போன்ற கடைகளில் செப்ரெம்பர் கடைசியிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் 3.78 லீற்றர் கலன்களாக அடுக்கியிருப்பார்கள். குடிதண்ணீர்க் குழாய்களுக்கென்றே விற்கப்படுவதுதான் வேண்டும். கார் ரேடியேற்றருக்கு ஊற்றும் அன்ரிஃபிரீஸ் வழக்கமாக எதிலின் கிளைக்கோல், நஞ்சு. பிள்ளைகள் பல் துலக்குகிற குழாய்க்குள் அது ஒரு துளிகூடப் போகக் கூடாது. கலனில் மைனஸ் 50 என்று போட்டிருப்பதைப் பார்த்து அந்தக் குளிர் வரை திரவமாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே அது கூழ்ப்பனி மாதிரி ஆகிவிடும். கூழாக இருக்கும்வரை இறுகிப் பெருத்துக் குழாயை உடைக்காது என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். ஆகவே ஒருபோதும் தண்ணீர் கலக்காதீர்கள். எனக்கு இரண்டரைக் கலன் போதும், நான்கு வாங்குவேன்.

பம்புக்கு முன்னால் ஒரு சிறு வால்வும் ஒரு குழாய்த் துண்டும் பொருத்தியிருக்கிறேன். அந்தக் குழாயைக் கலனுக்குள் விட்டு, வால்வைத் திருப்பி, பம்பைப் போட்டால் நல்ல தண்ணீர்த் தாங்கியைத் தொடாமல் கலனிலிருந்து இழுக்கும். பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பைப்பில் தொடங்குங்கள். கடும் இளஞ்சிவப்பு வரும்வரை விடுங்கள், வெளிறிய நிறம் என்றால் இன்னும் தண்ணீர் கலந்திருக்கிறது. பம்பின் வாயில் ஒரு கண்ணாடி மாதிரிச் சிறு வடிகட்டிக் கிண்ணம் இருக்கும். காற்று அடித்தாலும் அதில் தண்ணீர் தங்கும், அதைக் கழற்றி ஊற்றிவிட்டுப் பூட்டியிருக்க வேண்டும். பலருக்கு வெடிப்பது அந்தக் கிண்ணம்தான். ஷவர் தலையைக் கீழே தொங்கவிட்டு வடியவிடுங்கள், மேலே மாட்டி வைத்தால் வளைகுழாயில் தண்ணீர் நிற்கும். கழிப்பறை மிதியைச் சிவப்பு வரும்வரை அழுத்தி, ஒரு கோப்பையளவு கழிப்பறைக் கிண்ணத்திலேயே விடுங்கள், அடியில் இருக்கும் ரப்பர் காயாமல் இருக்கும். வெளி ஷவரில் சூடு, குளிர் இரண்டையும் தனித்தனியாகத் திறக்கிறேன். பிறகு இன்னொரு தரம் திறக்கிறேன்.

மறக்கிற இடம் ஒன்று சொல்கிறேன். வெளியே தண்ணீர் இணைக்கும் வாய். அதற்குள் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு சிறு வால்வு இருக்கிறது. வாயில் இருக்கும் சிறு வலையை எடுத்துவிட்டு, குழாயில் அழுத்தம் இருக்கும்போதே ஒரு ஸ்குறூ ட்ரைவர் முனையால் அதை மெல்ல அழுத்தினால் சிவப்பு பீறிட்டு வரும். முகத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த குழாய் முனைகளையும் ஒரு கணம் திறந்து சிவப்பைப் பார்த்துவிட்டு மூடுங்கள். கடைசியாக ஒவ்வொரு தொட்டியின் வடிகாலிலும் ஷவர் வடிகாலிலும் இரண்டு கோப்பை நேரடியாக ஊற்றுங்கள். கீழே வளைவில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு இது அங்கே நிற்கும்.

தண்ணீர் முடிந்தது. அடுத்தது எலி.

எங்கள் தெருவில் குளிர்காலம் முழுக்க ட்ரெய்லரை வீட்டு முன்னால் நிறுத்த முடியாது. உக்ஸ்பிரிட்ஜ் பக்கம் ஒரு பண்ணையில் இடம் எடுத்திருக்கிறேன். சோளம் அறுத்த வயலுக்குப் பக்கத்தில். குளிர் வந்ததும் வயல் எலிகளுக்கு இடம் வேண்டும். சுண்டுவிரல் பருமன் கூட இல்லாத துளையே அவற்றுக்குப் போதும். நம் ட்ரெய்லர்களுக்குள் இருக்கும் வாசனையோ சாதாரணமானதல்ல. மிளகாய்த்தூள், பருப்பு, இடியப்ப மா, லாச்சிக்குள் சிந்திய அரிசி. மனைவி ஒரு நாள் முழுக்க இதற்கு ஒதுக்குவாள். போத்தல், பை எல்லாம் வீட்டுக்குள். ரின்னில் இருக்கும் தேங்காய்ப்பாலும்தான், உறைந்தால் ரின் ஊதிவிடும். மெழுகுவர்த்தி, சவர்க்காரம் இரண்டையும் எலி தின்னும், அவையும் வெளியே. லாச்சிகளைக் கழற்றி, அடியில் வக்கியூம் பிடித்து, அடுப்புக்குப் பின்னால் தெறித்த எண்ணெயைச் சுடுதண்ணீரில் துடைக்கிறாள். கருவாடு பொரித்த வருடம் என்றால் இரண்டு தரம்.

துளைகளைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது இது. பொழுதுபட்டதும் உள்ளே எல்லா லைற்றையும் போட்டு, அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு, நான் ட்ரெய்லருக்கு அடியில் படுத்துக்கொள்வேன். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் எலி வருகிற இடம். அதன் பிறகு நான் உள்ளே வந்து, மகள் வெளியே ரோச் லைற்றோடு சுற்றி வருவாள். குழாய்களும் வயர்களும் தரையைத் துளைத்து வருகிற இடங்கள்தான் பெரும்பாலும். செப்புக் கம்பி வலையைத் திணித்து, மேலே நுரை அடைப்பு அடிக்கிறேன். நுரை மட்டும் அடித்தால் கடித்துவிடும், சாதாரண இரும்புக் கம்பி வலை துருப்பிடித்து உதிரும். புதினா எண்ணெயில் தோய்த்த பஞ்சு நல்லது என்பார்கள். அதன் வாசனை சில வாரங்களில் போய்விடுகிறது, எலி ஏப்ரல் வரை இருக்கிறது. அதை நம்ப வேண்டாம்.

எலிப் புழுக்கை கண்டால் காய்ந்தபடியே கூட்டாதீர்கள். சில காட்டு எலிகளின் கழிவுத் தூசியில் ஹன்ரா வைரஸ் இருக்கலாம். அரிதுதான், ஆனால் ஆபத்தானது. கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு, பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்து, ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

கூரையைப் பற்றி: அந்த வேலை ஒக்டோபருக்கு உரியதல்ல. செப்ரெம்பரில், வெயில் இருக்கும்போதே மேலே ஏறி, காற்றுத் துளைகளையும் விளிம்புகளையும் சுற்றி இருக்கும் பசையில் வெடிப்பு இருக்கிறதா என்று முழங்காலில் நகர்ந்து பாருங்கள். பசை குளிரில் ஒட்டாது. மயிரிழை வெடிப்பில் புகுந்த தண்ணீர் உறைந்து உருகி உறைந்து, வசந்தத்துக்குள் அதை விரல் நுழையும் இடைவெளி ஆக்கிவிடும். மூடுதுணி போடுவதானால் காற்றுப் போகிற துணியாகப் போடுங்கள். நீல பிளாஸ்டிக் படங்கு ஈரத்தை உள்ளே பூட்டும், காற்றில் அடித்து அடித்துச் சுவரையும் தேய்த்துவிடும்.

சனிக்கிழமை பண்ணைக்கு. பற்றறியை வீட்டிலேயே கழற்றிவிடாதீர்கள். ஓடும்போது ட்ரெய்லர் வாகனத்திலிருந்து கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிப்பது அந்தப் பற்றறிதான். இடத்தில் நிறுத்திய பிறகு ஒரு படம் எடுத்துக்கொண்டு, எதிர்முனை வயரை முதலில், பிறகு நேர்முனையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். ஈயப் பற்றறி முழுதாக ஏறியிருந்தால் ஒன்ராறியோக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. இறங்கிய பற்றறி பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழேயே உறைந்து பிளக்கும். மாதம் ஒரு தரம் பார்த்து 12.6 வோல்ற்றுக்குக் குறைந்தால் ஏற்றுகிறேன். லிதியம் வைத்திருப்பவர்கள் அதை உறைநிலைக்குக் கீழே ஏற்றவே கூடாது.

காஸ் சிலிண்டர்களை மூடி, வெளியிலேயே நிமிர்த்தி வையுங்கள். நிலக்கீழ் அறையிலோ கராஜிலோ வேண்டவே வேண்டாம். காஸ் அடுப்புகளுக்குள் சிலந்திகள் புகும், சுடுதண்ணீர்த் தாங்கியைச் சூடாக்கும் அடுப்பின் வாயில் வலை பின்னினால் வசந்தத்தில் அடுப்புப் பற்றாது. வெளித் துவாரங்களுக்குச் சல்லடை பொருத்துங்கள். ரயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று அடித்து, மண்ணில் நிற்காமல் பலகையில் ஏற்றி, முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால் உருகும் பனி கூரையில் தேங்காது. குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குள் மடித்த துவாயை வைத்துத் திறந்தபடி விடுவோம், மூடினால் மே மாதத்தில் பூஞ்சணம் மணக்கும். மெத்தைகளை மச்சான் மாதிரியே நிமிர்த்தி வைக்கிறோம்.

பெப்ரவரியில், பெரிய பனி கொட்டிய பிறகு, ஒரு தரம் போய்ப் பார்ப்பேன். நீண்ட பிடியுள்ள மெத்தென்ற தும்புத்தடியால் கூரைப் பனியைக் கீழே நின்றே இழுத்துவிடுவேன், மேலே ஏறுவதில்லை. உள்ளே போய் மூலைகளில் ஈரக்கறை, லாச்சிகளில் புழுக்கை. கடைசியாகக் குசினித் தொட்டியின் வடிகாலுக்குள் ரோச் லைற் அடித்துப் பார்ப்பேன். போன வருடம் நான் போன அன்று மைனஸ் 18. கீழே வளைவில் சிவப்பு அப்படியே நின்றது. ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். இறுகவில்லை, சர்பத் ஐஸ் மாதிரிக் குழைந்து வழிவிட்டது. வெளிச் சுவரில் அந்தச் சின்னக் கதவையும் திறந்து, வெளி ஷவரின் இரண்டு வால்வுகளையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பூட்டினேன்.